தாழ்மை, தாழ்நிலை, எளப்பம்

2011இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவிநாசிக்கு வெளியே, லைன் வீடுகளுக்கு நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெப வீட்டில் மரியாளின் பாட்டைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. லூக்கா முதல் அதிகாரத்தில் வருகிற பாட்டு. பிரசங்கியார் அதை இப்படி விரித்தார்: மரியாளிடம் பணமில்லை, படிப்பில்லை, ஆனால் தாழ்மை இருந்தது, அதனால்தான் தேவன் அவளைத் தெரிந்துகொண்டார். நாமும் வீட்டிலும் கம்பெனியிலும் தாழ்மையோடு நடந்துகொண்டால் ஏற்ற காலத்தில் அவர் நம்மை உயர்த்துவார்.

அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில்தான் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லியிருந்தது. நொய்யலுக்கு அது நியாயம். ஆனால் சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் தையல் நிற்கும், தையல் நின்றால் பிசிறு வெட்டுகிறவளுக்கு வேலை இல்லை. என் அம்மா பிசிறு வெட்டுகிறவள். அந்த வாரம் கிடைத்தது ஐந்து ஷிப்ட். சனிக்கிழமை கைக்கு வந்தது நாலு ஷிப்ட் கூலி. 'டேமேஜ்' என்று ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். டேமேஜ் டெய்லர் செய்ததா, துணியிலேயே இருந்ததா, இவள் கத்தரி பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, அந்தப் புள்ளகிட்டத் தாழ்மை இருந்துச்சுன்னு சாமி பாத்தாரா, இல்ல அது தாழ்ந்து கெடந்துச்சுன்னு பாத்தாரா?"

எம்.ஏ. தமிழ் சேர்ந்திருந்த நேரம். இலக்கணம், உரையாசிரியர்கள் எல்லாம் தலைக்குள் இருந்தும் பதில் சொல்லத் தெரியவில்லை. 'ரெண்டும் ஒண்ணுதாம்மா' என்று சொல்லிவிட்டேன். ரெண்டும் ஒன்றில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் விசுவாசி அல்ல. அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தவள் அல்ல. எடுத்தால் என் சாதிச் சான்றிதழுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆக இந்த ஊரில் கடவுளின் அன்பை முழுசாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. அது மகனின் கல்லூரி இடம். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகிற அம்மாக்களின் விசுவாசத்தை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணியதில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் இன்றைக்கும் படிக்கப்படுவது பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த வேதாகமம். மரியாள் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது போடுகிற சொல் 'தாழ்மை'. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'தாழ்நிலை' என்று இருக்கிறது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. அகராதிகளையும் விளக்கவுரைகளையும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறித்தான் பார்த்தேன். மூலத்திலிருக்கும் 'தபைனோசிஸ்' என்ற சொல் குணத்தைக் குறிப்பதைவிட நிலையைக் குறிப்பது: தாழ்த்தப்பட்டிருத்தல், சிறுமைப்பட்டிருத்தல். மனசின் பணிவைச் சொல்லக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வேறொரு சொல் இருக்கிறது, 'தபைனோஃப்ரொசுனே'. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது பயன்படுத்துவது அதைத்தான். பழைய மொழிபெயர்ப்பு அதற்கு 'மனத்தாழ்மை' என்று சரியாகவே போட்டிருக்கிறது. மனத்தாழ்மைக்கும் தாழ்மைக்கும் நடுவே தமிழ்க் காதுக்கு எவ்வளவு தூரம்? ஒன்றுமில்லை.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். மரியாளின் பாட்டுக்கு முன்மாதிரி பழைய ஏற்பாட்டு அன்னாள். பிள்ளையில்லாதவள் என்று சக்களத்தியால் குத்திக் குத்திப் பேசப்பட்டவள். அவள் ஆலயத்தில் அழுது பொருத்தனை செய்யுமிடத்தில், கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் வருவதும் இதே தபைனோசிஸ்தான். அங்கே நம் 1871 மொழிபெயர்ப்பாளர்கள் 'சிறுமை' என்று போட்டார்கள். கணவனால் வெறுக்கப்பட்ட லேயாள் பேசும்போதும் 'சிறுமை'. மரியாளுக்கு வந்தவுடன் அது 'தாழ்மை' ஆகிவிட்டது. அன்னாளுக்கும் லேயாளுக்கும் நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள், மரியாளுக்கு ஏதோ நடந்திருக்கலாம் என்பதை ஏற்க மனம் வராமல் அதை அவளுடைய குணமாக மாற்றிவிட்டார்கள். நாசரேத்து என்ற மூலைக் கிராமத்து ஏழைப்பெண், கல்யாணத்துக்கு முன் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவள், அந்நிய ராணுவத்தின் கீழ் வாழ்கிறவள். அவளுடைய சிறுமை போய், தலைகுனிந்த நீலமுக்காட்டுப் படம் வந்துவிட்டது.

இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் கைக்குக் கிடைத்த தமிழில் வேலை செய்தார்கள். அந்தத் தமிழில் தாழ்மை ஏற்கனவே உயர்ந்த குணம். தாசில்தாருக்கு மனுப் போடுகிறவர் முதல் முதலமைச்சருக்கு எழுதுகிறவர்வரை இன்றும் 'தாழ்மையுடன்' கேட்டுக்கொள்கிறோம். தன்னைத் தாழ்த்திக்கொள்ளாமல் உரிமையைக் கேட்பதற்கு நம் மனு நடையில் வாக்கியமே இல்லை. பக்தி மரபிலும் அப்படித்தான். அடிமை, தொண்டு, நாயினேன் என்று தாழ்த்திக்கொண்டவர்களில் பலர் ஊரில் தாழ்ந்திருந்தவர்கள் அல்ல. ஊரில் தாழ்ந்திருந்த திருநாளைப்போவார் சந்நிதிக்குப் போகத் தீயில் இறங்கவேண்டியிருந்தது. எங்கள் அவிநாசிக் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும்: எதிரெதிர் வீடுகளில் ஒன்றில் உபநயன மங்கல ஒலி, மற்றதில் முதலை விழுங்கிய பிள்ளைக்காக அழுகை, சுந்தரர் பாடி அந்தப் பிள்ளையை மீட்கிறார். அழுகை கேட்கப்பட்ட கதை என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் அழுகை கேட்கப்படுவதற்கு அந்தத் தெருவில் வீடு இருக்கவேண்டும் என்பதையும் மறக்க முடிவதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் உழைக்கிறவனை என்ன செய்தது என்பதற்குத் தேம்பாவணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 3615 பாட்டுக் காப்பியம். அதன் நாயகன் ஒரு தச்சன். மன்னர்களையே பாடிப் பழகிய காப்பிய மரபில் இது எவ்வளவு பெரிய உடைப்பு! ஆனால் என்ன ஆகிறது? சூசை வளன் ஆகிறார். தாவீது அரசனின் குலம், துறவு, கன்னிமை என்று காப்பியத்தின் எடை முழுக்க வேறு பக்கம் சாய்கிறது. கடைசியில் முடிசூட்டு படலம். தச்சனைப் பாட வந்த காப்பியம் அவனை அரசனாக்கித்தான் விடைகொடுக்கிறது. உளி பிடித்த கை காப்புக் காய்த்திருக்குமே, அது காப்பியத்துக்குத் தேவைப்படவில்லை. பிறகு 1955இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் மே 1ஐத் தொழிலாளர் சூசையப்பர் திருநாளாக அறிவித்தார். செங்கொடிக்காரர்களின் நாளைப் பிடுங்கும் தந்திரம் என்று தோழர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் தச்சனை மறுபடி தச்சனாகப் பார்க்க அந்த நாள் தேவைப்பட்டிருக்கிறது.

கீர்த்தனைகளின் கதை இன்னும் கசப்பு. 1833இல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, எங்கே யார் உட்காருவது, திருவிருந்துக் கிண்ணத்தில் யாருக்குப் பிறகு யார் குடிப்பது என்பதையெல்லாம் விட்டுக்கொடுக்க மறுத்தவர்கள் தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள். வேதநாயக சாஸ்திரியார் நின்றது அவர்கள் பக்கம். அவருடைய பாட்டுகளின் அழகை நான் மறுக்கவில்லை, பாடும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆண்டவரின் தாழ்மையைப் பாடும் பாட்டும் பாய் தனி என்னும் வழக்கும் ஒரே கூரைக்குள் இருந்திருக்கின்றன என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது. தாழ்மை குணமாக இருக்கிறவரைக்கும் இப்படி இருக்க முடியும். அது நிலை என்று ஆகிவிட்டால் பாய் தனி என்பதைப் பாட்டே தாங்காது.

இங்கே திராட்சைத்தோட்டக் கதையைப் பேசாமல் போக முடியாது. மத்தேயு 20. விடியலில் வந்தவனுக்கும் பொழுதுசாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. பழைய மொழிபெயர்ப்பில் அது 'ஒரு பணம்', புதியதில் 'தெனாரியம்'. தோட்டக்காரர் பழையதில் 'வீட்டெஜமான்', புதியதில் 'நிலக்கிழார்'. தாழ்நிலையைச் சரியாகப் பிடித்த குழு இங்கே சறுக்கிவிட்டது என்பேன். 1968 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் ராத்திரியில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரைக் கீழவெண்மணியில் குடிசையோடு எரித்த பிறகு, கடவுளுக்கு உவமையாக 'நிலக்கிழார்' என்று தமிழில் எழுதும்போது கை நடுங்க வேண்டாமா?

கதை திருப்பூருக்கு வந்த வழி விசித்திரமானது. ரஸ்கின் 1860இல் தன் பொருளாதாரக் கட்டுரைகளுக்குத் தலைப்பு எடுத்தது இந்தக் கதையிலிருந்துதான். 1904இல் ரயிலில் அதைப் படித்த காந்தி 1908இல் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்று சுருக்கி எழுதினார். 1920களில் திருப்பூர் கதர் மையம். 1935இல் கதர் நூற்கிற பெண்களுக்கு வாழப் போதுமான கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தை நெருக்கினார், கதர் விலை ஏறிப்போகும் என்ற ஆட்சேபங்களையும் மீறி. ஆக, பனியன் கம்பெனிகள் பெருகுவதற்கு முன்பே, பிரசங்கியார் வருவதற்கு முன்பே, கடைசியில் வந்தவனின் கூலி பற்றிய பேச்சு நூலோடு நூலாக இந்த ஊருக்குள் வந்திருக்கிறது. இப்போது அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று கேட்டால் கதர்க்கடைக்காரருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். 'எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை' என்று கடைசி ஆட்கள் சொல்லும் இடத்தில் அவள் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆர்டர் இல்லாத மாசங்களில் கேட் முன்னால் நின்று திரும்பியவள் அவள். ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. "கடைசியா வந்தவனுக்கு முழு ஷிப்ட் போட்டுக் குடுத்தாரு, அது சரிங்க. முதல்ல வந்தவனுக்கு ஒன்றரை ஷிப்ட் போட்டிருந்தா அவருக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" பிரசங்கியாரிடமே கேட்டாள். அவர் கிருபை என்பது கணக்கல்ல என்றார். நல்ல பதில்தான். அம்மா திருப்திப்படவில்லை.

பிரதியை அம்மா பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தக் கதையில் கூலியை எதிர்த்துப் பேசுகிறவர்கள் முணுமுணுக்கிறவர்கள் மட்டும்தான், அவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று கதை வாயடைத்துவிடுகிறது. கதைசொல்லியின் நோக்கம் கடைசி மனிதனைக் கைவிடாத தாராளத்தைச் சொல்வது, சரி. ஆனால் நூற்றாண்டுகளாக அது மேடைகளில் சொல்லப்பட்ட விதம் முணுமுணுக்காதே என்பதுதான். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முணுமுணுப்பு இல்லாமல் வேறென்ன? அதற்குப் பிறகு கம்பெனிகள் சின்னச் சின்ன யூனிட்டாக உடைந்ததும் கான்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகியதும் ஊரறிந்த கதை. சேர்ந்து முணுமுணுக்கத் தோதான இடமே இல்லாமல் போயிற்று. வேதாகமத்திலேயே வேறு குரலும் உண்டு. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதில் விழுகிறது என்கிறது யாக்கோபின் நிருபம். அந்த நிருபத்தை வைக்கோல் என்று தள்ளியவர் லூத்தர். தமிழுக்குப் புதிய ஏற்பாட்டை 1714–15இல் முதன்முதல் அச்சில் தந்தவர்கள் தரங்கம்பாடி லூத்தரன்கள். இதில் எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. சனிக்கிழமைச் சம்பளம் பற்றி யாக்கோபை வைத்து ஒரு பிரசங்கம் இத்தனை வருஷத்தில் அம்மா கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சொல்லை வைத்துச் சிறுமையைக் குணமாக்குவது சபைக்கு மட்டும் தெரிந்த வித்தையும் அல்ல. ஸ்பின்னிங் மில்களில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருஷம் விடுதிக்குள் வைத்து வேலைவாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? சுமங்கலித் திட்டம். அந்தப் பெயரைக் கேட்டு அப்பன்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு வேலைசெய்தவர் என்று நான் கருதுவது பறட்டை அண்ணனை. ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் வெள்ளைக்காரன் ஞானப்பாட்டும் கோலோச்சிய இடத்துக்குள் பறையையும் நாட்டுப்பாட்டு மெட்டையும் கொண்டுவந்தார். பெயரைக்கூடப் பறட்டை என்று வைத்துக்கொண்டார். அவருடைய கடவுளுக்கு 'பெத்தவரே' என்று விளி. அப்பனா ஆத்தாளா என்று பிரிக்க முடியாத விளி அது. பிதாவே என்றால் எழுந்து நிற்கத் தோன்றும். பெத்தவரே என்றால் உரிமையோடு சண்டைபோடத் தோன்றும். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பதுதான் திருவிருந்து என்றார். 1833இன் கிண்ணச் சண்டைக்கு வந்த பதிலாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். ஸோ ஷெரினியன் 2014இல் ஆங்கிலத்தில் அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தமிழில் நம் சிற்றேடுகள் பறட்டையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதின? பெஞ்சமினையும் பக்தினையும் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்த நாம், அரசரடியில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

பார்ப்பது என்ற வினையைத்தான் நான் கடைசியாகப் பேச நினைத்தேன். பாமாவின் கருக்கு 1992இல் வந்தபோது நாம் அதைக் கொண்டாடியது தலித் தன்வரலாறு என்பதற்காக. சரிதான். ஆனால் அந்தப் புத்தகத்தின் பாதி, மடத்துக்குள் போன பெண் மடத்தை விட்டு வெளியே வருகிற கதை. ஏழைகளுக்காக என்று போனவள், அங்கே ஏழைகளைப் பார்க்காத பார்வையைக் கண்டு வெளியே வருகிறாள். கடவுளைக் குறை சொல்லவில்லை, கடவுளின் பேரால் பார்க்காதவர்களைத்தான் குறை சொல்கிறாள். மதத்தை அபின் என்று மார்க்ஸ் சொன்னதை மேற்கோள் காட்டுகிற தோழர்கள், அதே பத்தியில் அதை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் அவர் சொல்லியிருப்பதை விட்டுவிடுவார்கள். செக்கிங் டேபிளில் நாளெல்லாம் ஆயிரம் கண் துணியைப் பார்க்கிறது. கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா. வெட்டுகிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஒருத்தியிடம் ஒருவர் உன்னைப் பார்த்தார் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. அதைக் கேட்கத்தான் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனாள். நான் அவளைப் பார்த்தேனா என்றால், விளிம்புநிலை என்ற சொல்லை முதன்முதலில் படித்த நாளில் நோட்டில் எழுதிவைத்து, அதன் கீழே கோடு போட்டேன். அம்மாவின் ஞாபகமே வரவில்லை. நாமும் தாழ்ந்திருப்பதை ஒரு மகிமையாக்கி அட்டைப்படத்தில் போட்டவர்கள்தானே? பிரசங்கியாரைத் திட்ட எனக்கு அரை உரிமைதான் இருக்கிறது.

போன வருஷம் திருவிவிலியத்தை அம்மாவிடம் காட்டினேன். இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை, கண் மங்கிவிட்டது. எழுத்துப் பெரிதாக இருக்கும் பிரதியாக வாங்கிப்போனேன். லூக்காவைப் புரட்டி 'தாழ்நிலை' என்ற சொல்லில் விரலை வைத்து, பதினாலு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான் என்றேன். தாழ்மை என்று இருந்ததை மாற்றியிருக்கிறார்கள், நீ கேட்டது சரி, தாழ்ந்து கிடந்ததைத்தான் பார்த்தார் என்றேன்.

ரெண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதும் பொஸ்தகத் தமிழாத்தான இருக்குது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எளப்பம்னு போட்டிருக்கலாமுங்கண்ணு. எல்லாரும் அந்தப் புள்ளய எளப்பமாப் பாத்தாங்க, அவரு அப்படிப் பாக்கல."